வெள்ளி மதியப் படப்பேச்சு

வணக்கம் நண்பர்களே,

வரும் வெள்ளி மதியம் 1 மணிக்கு மூன்றாம் மாடி மீட்டிங் அறையில் நம் படப்பேச்சு. இந்த முறை 1957-இல் வந்த '12 ஆங்ரி மென்'. 96 நிமிடம்தான். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறையில், பன்னிரண்டு பேர் வாதாடுவதிலேயே நகரும். நம் திங்கள் மீட்டிங் மாதிரிதான், ஆனால் அங்கே முடிவு எடுத்துவிடுவார்கள்.

1. வியாழன் இரவுக்குள் பார்த்துவிடுங்கள்.
2. முடிவைக் குழுவில் போடாதீர்கள். போன தடவை காபி மெஷின் முன்னால் நின்றே ஒருவர் கொலையாளியைச் சொல்லிவிட்டார்.
3. பிடித்த ஒரு காட்சியோடு வாருங்கள். 'செம படம்' என்பது மட்டும் கணக்கில் வராது.
4. 1.45-க்கு எழுந்துவிட வேண்டும்.

வருகிறவர்கள் புதன் மாலைக்குள் 'சரி' என்று போடுங்கள், நாற்காலி எண்ணிப் போடணும்.