கரை கடந்த பிறகும் வரைபடம் தேவை

ஐயா,

வங்கக் கடலில் உருவாகும் புயலின் வேகம், திசை பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். கடற்கரை மாவட்டங்களுக்கான எச்சரிக்கை விரிவாகவே இருந்தது. ஆனால் வரைபடத்தில் புயலின் பாதை கரையைத் தொட்டதும் முடிந்துவிடுகிறது. புயல் அங்கே முடிவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, புதுக்கோட்டையைச் சூறையாடிவிட்டு மேற்கே நகர்ந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்து நாட்டு ஓடுகள் விடியும் நேரத்தில் வரிசையாகப் பெயர்ந்து முற்றத்தில் விழுந்து நொறுங்கின. எண்பதைக் கடந்த என் ஆச்சி தூணைப் பிடித்தபடி நின்றார். கடல் நமக்கு வெகு தூரம் என்று முந்தைய இரவு நிம்மதியாகத் தூங்கியவர்கள் நாங்கள்.

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று முதியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். புயலின் பாதை கடைசி நேரத்தில் மாறக்கூடும். கரையேறியதும் அதன் வலிமை குறையும் என்பதும் உண்மையே. எனினும் உள்மாவட்டங்களில் எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசக்கூடும் என்ற வானிலை ஆய்வு மையத்தின் கணிப்பைத் தாங்கள் தனிக் கட்டமாக வெளியிட வேண்டும். ஊராட்சிகள் அதை முந்தைய நாள் மாலையே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கானாடுகாத்தான்