எம்.ஏ. ஆங்கிலமும் ‘பசியாறுதலும்’

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் பிள்ளைகள் ஆங்கில இலக்கியத்தில் மேற்படிப்புக்குப் போனால் அவர்களைத் தமிழ் இழந்துவிட்டது என்றுதான் பொருள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. சிங்கப்பூரில், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கிவிட்டது. ஆனால் என் வீட்டில் நடப்பது வேறு கதை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் பகுதிநேரமாக முதுகலை ஆய்வு செய்கிறாள். போன மாதம் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது பழைய சிநேகிதர் ஒருவர் கேட்டார்: “இங்கிலீஷ்ல எம்.ஏ.வா? அதான் வீட்டுலயே பேசுறாங்களே, அதுக்கு எதுக்குப் பல்கலைக்கழகம்?” எனக்குப் பதில் வரவில்லை. நான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன், எம்.ஏ. என்றால் என்னவென்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. பாடங்களை எடுத்து, கட்டுரைகள் எழுதி முடிப்பது ஒரு வகை. ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு ஆய்வேடு எழுதுவது இன்னொரு வகை. எழுத்துக்கலை படிப்பவர்கள் நாவலோ கவிதையோ எழுதி, அதோடு ஓர் ஆய்வுரையும் சேர்த்துக் கொடுக்கிறார்களாம்.

மகள் எடுத்திருப்பது 1950கள். 1949இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் புக்கிட் தீமா வளாகத்தில் மாணவர்கள் ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதே ஊரில், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழில், மாணவர்களுக்கான மாணவர் மணிமன்றப் பக்கங்களில் நம் பிள்ளைகளும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்களா, ஒரே சிங்கப்பூரைத்தான் பார்த்தார்களா என்பதுதான் அவள் கேள்வி.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் மெதுவாக. ஆகவே சனிக்கிழமை இரவுகளில் சாப்பாட்டு மேசையில் நான் அந்தக் காலத் தமிழ்க் கதையை உரக்கப் படிக்கிறேன், அவள் அதை ஆங்கிலமாக்கி மடிக்கணினியில் தட்டுகிறாள். “அப்பா, நில்லுங்க. கிராணின்னா?” “ஆபீஸ் குமாஸ்தாம்மா. மலாய்ல இருந்து நாம எடுத்துக்கிட்டது.” ஒரு கதையில் வந்த ‘பசியாறிட்டியா?’ எங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டது. காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று ஆங்கிலத்தில் போட்டால் அர்த்தம் சரிதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பசி இருக்கிறதே, அது எங்கே போயிற்று? தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த என் மைத்துனருக்கே இந்த வழக்கை விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவள் அதை அப்படியே வைத்துவிட்டு, அடிக்குறிப்பாக அரைப் பக்கம் எழுதினாள். தொடக்கக் கல்லூரி வரை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு வரை, தமிழ் படித்தும் இப்படி ஒரு சொல்லுக்காக அவள் மெனக்கெட்டதை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத் துறை அனுப்பித்தான் அவள் இந்தப் பக்கம் வந்தாள்.

தடை வந்தது வேறு இடத்திலிருந்து. மொழிபெயர்ப்பு இல்லாத கதைகளை மதிப்பிட ஆளில்லை, தமிழ்ப் பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள் என்று துறையில் அவளிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் நல்லவர், தமிழ் தெரியாதது அவர் குற்றமில்லை. ஆனால் ஆசிரியர்களைப் பயிற்றும் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ்த் துறையினர் இருக்கிறார்கள். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி, இலக்கியப் பட்டப்படிப்பே நடக்கிறது. ஆங்கிலத் துறையில் ஒரு வழிகாட்டி, தமிழறிந்த இன்னொருவர் துணை வழிகாட்டி என்று அமர்த்த அப்படி என்ன சிரமம்?

இது புதுமையான யோசனையும் அல்ல. கவிஞர் பேராசிரியர் எட்வின் தம்பு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைக்குப் பல்லாண்டு தலைவராக இருந்தவர். அவர் தந்தை தமிழர், பள்ளி ஆசிரியர். அவர் 1970இல் முனைவர் பட்டம் பெற்றது ஆப்பிரிக்கக் கவிதைகளை ஆராய்ந்து. அவையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவைதானே என்று மகளே என்னை மடக்கினாள். இருக்கட்டும். அவ்வளவு தூரம் போய்வந்த துறைக்கு, இங்கே தமிழர் புழங்கும் சிராங்கூன் ரோடு எட்டாமல் போகுமா?

எதிர்த்திசையிலும் நம்மவர்கள் நடந்திருக்கிறார்கள். 2008இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்ற எழுத்தாளர் புதுமைதாசன் ஷேக்ஸ்பியர் நாடகங்களை நம் வானொலிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவரால் தமிழ் எதையும் இழந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியாக, வாசகர்களிடம் ஓர் உதவி. தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகமும் சேர்ந்து 2015இல் 350 சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்தது எங்களுக்குப் பெரிய வரம். ஆனால் அந்தத் தொகுப்பு 1965இலிருந்துதான் தொடங்குகிறது. மகளுக்கு வேண்டியதெல்லாம் அதற்கு முந்தியவை. 1950களில் இங்கே அச்சான சிறுகதைப் புத்தகங்கள், ஆண்டு மலர்கள், வெட்டி ஒட்டி வைத்த பத்திரிகைக் கதைகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் இதழ் அலுவலகம் வழியாகத் தெரிவியுங்கள். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு, படமெடுத்ததும் திருப்பித் தருவோம். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கரையான் தின்ற பக்கங்களும் வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ஈசூன்