அட்வான்ஸ் கைமாறும் முன் ஒரு துளை போட விடுங்கள்

காசிமேடு முதல் எண்ணூர் முகத்துவாரம் வரையுள்ள மீனவ கிராமங்களின் பஞ்சாயத்தாருக்கு,

வணக்கம். பழைய பைபர் படகு ஒன்று கைமாறும்போது நம் குப்பங்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பதிவுச் சான்றைப் பார்ப்பார்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பார்கள், விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். படகின் உடம்பை யாரும் சோதிப்பதில்லை. பைபர் வேலை செய்கிறவன் என்ற முறையில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அட்வான்ஸ் வாங்கும் முன் படகைத் தட்டிப் பார்க்கவும், ஒரு சின்னத் துளை போட்டு ஈரம் பார்க்கவும் வாங்குகிறவருக்கு உரிமை உண்டு என்று ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்துவிடுங்கள்.

பைபர் மக்காது என்று எல்லோரும் நம்புகிறோம். கண்ணாடி இழையும் ரெசினும் மக்காது, அது சரி. ஆனால் எஞ்சின் மாட்டும் பின்பலகை பெரும்பாலான படகுகளில் வெறும் பைபர் இல்லை. உள்ளே பிளைவுட் வைத்து இரண்டு பக்கமும் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பை, ரெசின் பசையால் ஒட்டியிருப்பார்கள். தளத்துக்கு அடியிலும், குறுக்குப் பலகைகளிலும் மரம் வைத்துக் கட்டிய படகுகள் நிறைய. எஞ்சின் போல்ட் போகிற துளை, தண்ணீர் வடியும் ஓட்டை, மூலையில் விழுந்த மெல்லிய வெடிப்பு ஆகியவை வழியாகத் தண்ணீர் அந்த மரத்துக்குள் இறங்குகிறது. இரண்டு பக்கமும் பைபர் மூடியிருப்பதால் உள்ளே போனது காய வழியில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று, கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் மக்க வைக்கும் என்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையில் ஏற்றி மூடாமல் விட்ட படகுதான், ஓடிக்கொண்டே இருந்த படகைவிடச் சந்தேகத்துக்குரியது.

மக்கின பின்பலகையோடு கரையில் நிற்கும் படகு நல்ல படகு மாதிரியேதான் இருக்கும். அலையில் எஞ்சின் உதறும்போதுதான் வித்தியாசம் தெரியும். பலகை விட்டுக்கொடுத்தால் எஞ்சின் போகும், அந்த வழியாகவே கடலும் உள்ளே வரும். படகில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால்தான் இதை வாங்குகிறவர், விற்கிறவர் இருவருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பின்பலகை முழுக்க, மேலிருந்து கீழே, விரல்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல இடத்தில் ‘டக், டக்’ என்று கணீரென வரும். மக்கின இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கும். பைபரும் மரமும் விட்டுப்போன இடத்திலும் சத்தம் மாறும், அதனால் மாறின இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வைக்க வேண்டும். அப்புறம் எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தி, பலகை அசைகிறதா என்று இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். போல்ட்டின் வாஷர் பலகைக்குள் அமிழ்ந்திருந்தாலோ, துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ மேற்கொண்டு கேள்வியே வேண்டாம். தளத்தில் வெறுங்காலோடு நடந்து குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அடியிலுள்ள மரம் போயிருக்கிறது.

ஈரம் பார்க்கும் மீட்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊசி குத்தாத வகை மீட்டர்தான் பைபருக்கு ஏற்றது. அது காட்டும் எண்ணை நேராக சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே படகில், தண்ணீர் படாத மேல்பக்கத்தில் என்ன காட்டுகிறது, பின்பலகையின் அடியில் என்ன காட்டுகிறது என்று ஒப்பிடத்தான் அது. உள்ளே போல்ட்டோ இரும்போ இருந்தால் எண் ஏறும், செம்பு கலந்த அடிப் பெயிண்டும் ஏமாற்றும். மேலே உப்புப் படிந்திருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் படகைக் கரையேற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, சில நாள் வெயிலில் காயவிட்டு, பனி உலர்ந்த பிறகு பார்க்க வேண்டும். காலையில் கடலிலிருந்து இழுத்து மதியம் மீட்டர் வைத்தால் அது எந்தப் படகையும் கெட்டது என்றுதான் சொல்லும். விற்கிறவருக்கு அது அநியாயம்.

மீட்டர் சந்தேகத்தை மட்டும்தான் காட்டும், தீர்ப்பு சொல்வது துளைதான். பின்பலகையின் உள்பக்கம், சத்தம் மாறின இடத்தில், 5 மில்லிமீட்டர் துளை, வெளிப்பக்கத் தோலைத் தொடாமல். ட்ரில் பிட்டோடு வெளிர் நிறத்தில் மொறமொறவென்று தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, சொதசொதவென்று, மக்கின வாடையோடு வந்தால் சந்தேகமே இல்லை. துளையை எபாக்சி பசை வைத்து அடைத்துவிடலாம். “என் போட்டுல ஓட்டை போடுறதா?” என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தை நான் தப்பாக நினைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே பல சமயம் தெரியாது, அவரும் இப்படித்தான் யாரிடமோ பார்க்காமல் வாங்கியிருப்பார். பஞ்சாயத்து முன்னால் நின்று, அடைக்கிற செலவு வாங்குகிறவருடையது என்று சொல்லிவிட்டால் இந்தத் தகராறு எழாது.

அடைத்த அறைகளுக்குள் இருக்கும் ஃபோமை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். படகு தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் பிடித்து வைப்பது அதுதான். வருஷக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் அதுவும் தண்ணீர் குடிக்கும். 100 லிட்டர் குடித்தால் 100 கிலோ கூடுதல் எடை, அதோடு ஆபத்தில் மிதக்கவும் வைக்காது. கரையில் தள்ளுகிற ஆட்களைக் கேளுங்கள், அந்தப் படகு கனக்கிறதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். படகின் அடிப்பக்கத்து பைபரில் எழும் கொப்புளம் பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த அளவுக்கு அவசரமில்லை. குத்தினால் புளித்த வாடையோடு பிசுபிசுவென்று தண்ணீர் வரும், விசையோடு பீய்ச்சும் என்பதால் கண்ணைக் காத்துக்கொள்ளவேண்டும்.

புது பெயிண்ட் என்றாலே மோசடி என்று நான் சொல்லவரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது எண்ணூர்ப் பக்கப் படகுகள் எந்த நிலையில் நின்றன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அதைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தவர்மேல் என்ன குற்றம்? ஆனால் விற்பதென்று முடிவு செய்த பிறகு பின்பலகைக்கு மட்டும் புதிதாக மேட் ஒட்டிப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேட்கவேண்டும். மக்கின மரத்தின்மேல் ஒட்டின மேட் பலம் தராது, ஈரத்தை இன்னும் இறுக்கி மூடும். அந்த மரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பதுதான் வேலை. பின்பலகை மட்டும் போயிருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். பின்பலகை, தளம், ஃபோம் மூன்றும் ஈரம் என்றால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்காக அவசர அவசரமாகக் கட்டின படகுகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவற்றில் தரம் குறைந்தவையும் இருந்தன. இரண்டு மூன்று கை மாறிய படகை வாங்க வருகிறவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வருகிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் தடைக்காலத்தில் நிற்கும்போது பைபர் படகுக்குக் கிராக்கி கூடும், அதற்கு முன்பே பலர் அவசரமாக வாங்கப் பார்ப்பார்கள். அதனால் மார்ச் மாதக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். விற்கும் படகு பெயிண்ட் அடிக்காமல் ஒரு வாரம் கரையில் காயட்டும். சோதனையில் கண்டதை விற்பனைப் பத்திரத்தில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். ஊர்ப் பணத்தில் ஒரு மீட்டர் வாங்கிப் பொதுவில் வையுங்கள். ஒவ்வொரு குப்பத்திலும் இரண்டு பேரை அனுப்பினால் தட்டுவதையும் துளை போட்டு அடைப்பதையும் நான் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் குப்பத்திலிருந்து ஒரு பைபர் வேலைக்காரன்