செல்யாபின்ஸ்க் கல்லை வாங்கும் முன்

அன்புள்ள முகிலனுக்கு,

செல்யாபின்ஸ்க் விண்கல் என்று நீ வாங்கப்போகும் கல்லின் படத்தைப் பார்த்தேன். கறுப்பாக இருக்கும் கல்லெல்லாம் விண்கல் ஆகிவிடாதப்பா. காசைக் கொடுக்கும் முன் இதைப் படி.

2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானத்தில் வெடித்தது சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை. அதிர்வலையில் ஜன்னல்கள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். செபர்குல் ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்துக்கொண்டு போன துண்டை அக்டோபரில்தான் வெளியே எடுத்தார்கள். அரை டன்னுக்கு மேல் கனம். எடை போட்ட தராசே உடைந்துவிட்டது!

சான்றிதழில் 'எல்.எல்.5' என்று இருப்பதாகச் சொன்னாய். வகை சரிதான், ஆனால் அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கல்லும் அதையே சொல்கிறதா என்று பார். காண்ட்ரைட் என்பது காண்ட்ரூல் என்ற குட்டி உருண்டைகள் நிறைந்த விண்கல். சாதாரணக் காண்ட்ரைட்டுகளை இரும்பின் அளவைக் கொண்டு எச், எல், எல்.எல். என்று பிரிக்கிறார்கள். எல்.எல். வகையில் மொத்த இரும்பே குறைவு, உலோகமாக இருப்பது அதிலும் சொற்பம். மற்றதெல்லாம் ஆலிவின், பைராக்சீன் கனிமங்களுக்குள் அடங்கியிருக்கும். கொஞ்சம் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும். எனவே நூலில் கட்டிய காந்தம் லேசாகச் சாய்ந்தால் போதும். வெடுக்கென்று ஒட்டிக்கொண்டால் யோசி. இரும்பாலைகள் நிறைந்த ஊரில், இரும்பை உருக்கும்போது மிஞ்சும் கசடுக்கா பஞ்சம்?

5 என்பது கல் பட்ட சூட்டின் அளவு. ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய துளிகள் உறைந்து உண்டான குட்டி உருண்டைகள்தான் காண்ட்ரூல்கள். பல கேழ்வரகு மணி அளவுதான் இருக்கும். 3 என்று குறித்த கல்லில் அவை பளிச்சென்று தெரியும். 5 என்றால், தாய்ப்பாறைக்குள் நெடுங்காலம் வெந்து விளிம்பு மங்கிப்போயிருக்கும். உன் படத்தில் உருண்டைகள் அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. எனக்குப் பிடிக்கவில்லை.

உடைந்த முகத்தைக் காட்டச் சொல். கறுப்பு மேலோடு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. உள்ளே வெளிர் சாம்பல் நிறம், அதில் கரிய நரம்புகள் ஓடலாம். விண்வெளியில் வேறொரு பாறையோடு மோதியபோது உருகி உறைந்த கோடுகள் அவை. என்னைக் கேட்டால், காசு கொடுக்க வேண்டியது அதற்குத்தான். காற்றுக் குமிழ் ஓட்டைகள் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு.

வாங்கினாலும் கழுவாதே, துருப்பிடிக்கும். உடைந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. விலையை மட்டும் அப்பாவிடம் நீயே சொல்.

அன்புடன்,
அம்மா