இன்சுலின் தேவைப்படாமல் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குழந்தைகளின் சர்க்கரை நோய் பற்றி வந்த கட்டுரையில், ‘கொரோனாவால் வந்த சர்க்கரை என்பதால் தொற்றின் தாக்கம் தீர்ந்ததும் இன்சுலின் தேவைப்படாமல் போகலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு பக்கத்தில் ஒரு வரிதானே என்று கடந்துபோக முடியவில்லை. முதல் வகைச் சர்க்கரை (டைப் 1) உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில், கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் சேர்ந்து அமிலத்தன்மை ஏறிவிடும்; இதுதான் கீட்டோஅசிடோசிஸ். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். உங்கள் இதழில் அச்சானதை மருத்துவர் சொன்னதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் வீடுகள் எத்தனை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. கொரோனா சிகிச்சையில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு போட்டுக்கொண்ட பலருக்குச் சர்க்கரை ஏறி, மருந்தை நிறுத்தியதும் இறங்கியது. அது வேறு. முதல் வகையில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. இழந்த செல்களை மீட்க இன்றுவரை வழக்கமான சிகிச்சை எதுவும் இல்லை. இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தெம்பு பெறும்; இன்சுலின் தேவை ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை யூனிட்டுக்கும் கீழே இறங்கும். இதைத்தான் தேனிலவுக் காலம் என்கிறோம். சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட நீடிக்கும். பெற்றோர் ‘குணமாகிவிட்டது’ என்று நம்புவது சரியாக இந்தச் சமயத்தில்தான். அந்த நேரத்தில் உங்கள் வரி அவர்கள் கையில் கிடைத்தால், ஊசியை நிறுத்த அதுவே போதும்.

வைரஸுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1979இல் அமெரிக்காவில், கீட்டோஅசிடோசிஸால் இறந்த பத்து வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து காக்ஸாக்கி பி4 வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். கருவில் ரூபெல்லா தாக்கிய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் அதிகம் வருவதும் தெரிந்ததே. கொரோனாவைப் பற்றிப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த கணக்கில், குழந்தைகளிடம் முதல் வகை புதிதாகக் கண்டறியப்படும் வீதம், முந்தைய காலத்தைவிட, பெருந்தொற்றின் முதலாண்டில் 14 சதவீதமும் இரண்டாமாண்டில் 27 சதவீதமும் கூடியிருந்தது. ஆனால் காரணம் வைரஸ்தானா? ஜெர்மனியின் பவேரியாவில் தொற்று வந்த குழந்தைகளிடம் நோய் அதிகமாகத் தெரிந்தது. ஸ்காட்லாந்தில் பார்த்தபோது, தொற்று உறுதியாகி முப்பது நாள் கடந்த பிறகு அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. கால வரிசையையும் பார்க்க வேண்டும். பீட்டா செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அறிகுறிக்குப் பல மாதங்கள், வருடங்கள் முன்பே ரத்தத்தில் தோன்றிவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் போன மாதம் வந்த காய்ச்சல், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த அழிவை வெளியே காட்டியிருக்கும், அவ்வளவுதான். எப்படி வந்திருந்தாலும் இன்சுலின் வேண்டும்.

பெருந்தொற்று நிச்சயமாகச் செய்த கேடு ஒன்று உண்டு. உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை. அது தாமதம். 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை ஜெர்மனியில் புதிதாகக் கண்டறியப்பட்ட குழந்தைகளில் சுமார் 45 சதவீதம் பேர் கீட்டோஅசிடோசிஸ் நிலையில் வந்தார்கள். முந்தைய ஆண்டு இதே காலத்தில் அது 24 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. நம் ஊரிலும் நடப்பது இதுதான்: வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கினால் நிமோனியா அல்லது வீசிங் என்று ஸ்டீராய்டு, வாந்தி, வயிற்றுவலி என்றால் ஃபுட் பாய்சன் என்று குளுக்கோஸ் டிரிப்ஸ். இரண்டுமே சர்க்கரையை இன்னும் ஏற்றும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், குளுக்கோமீட்டர், சில நொடிகள். இவ்வளவு செய்தால் தெரிந்துவிடும். அறிகுறிகளோடு 200க்கு மேல் காட்டினால் ‘நாளைக் காலை வெறும் வயிற்றில் பார்க்கலாம்’ என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே மருத்துவமனை.

இது முதல் தடவையும் இல்லை. சென்ற ஆண்டு இதே நோய்க் கட்டுரைக்கு லட்டுத் தட்டைப் படமாகப் போட்டீர்கள். இனிப்புத் தின்றதால் முதல் வகை வருவதில்லை. அந்தப் படத்தைக் காட்டி, ‘நீதானே கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தாய்’ என்று தாயைக் குற்றவாளியாக்க வீட்டில் ஆள் இருக்கிறது. சிறுகுறிஞ்சான் பொடி பற்றிய குறிப்பில், இன்சுலினுக்கு அது மாற்று இல்லை என்ற ஒரு வாக்கியத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஊசி போடும் முறையைப் படத்துடன் விளக்கியவர்கள், எந்த சிரிஞ்சு என்று சொல்லவில்லை. நம் கடைகளில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள மருந்தும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் பத்து யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 25 யூனிட். சின்னக் குழந்தைக்கு அது தாழ்சர்க்கரையில் வலிப்பு வரை கொண்டுபோகும். அப்போதே எழுதினேன். பதில் வரவில்லை, அதில் வருத்தம் உண்டு.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம்: முதல் வகைச் சர்க்கரைக்கு இன்சுலினை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்து குழந்தை சாப்பிடாத நாளிலும் அளவைத்தான் மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். அதன் கீழே ஒரு சின்னப் பெட்டியில் நான்கு அறிகுறிகள்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் (நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவதும், சிறுநீரில் எறும்பு மொய்ப்பதும் இதில் சேரும்), காரணமில்லாமல் எடை குறைதல், ஓயாத சோர்வு. இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தின் மற்றதை வெட்டிவிட்டு இந்தப் பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நீரிழிவுப் பிரிவுச் செவிலியர்,
மதுரை.