பென்னி ரெட் படம் போடும் முன்

நண்பர்களே, விக்டோரியா காலத்து பென்னி ரெட் (பிரிட்டனின் சிவப்பு நிற ஒரு பென்னி தபால்தலை) படத்தைப் போட்டு "எந்த வருடம்?" என்று கேட்கும் முன் ஓரத்துத் துளையை அளந்துவிடுங்கள். 2 செ.மீ.க்கு எத்தனை துளை என்பதுதான் கணக்கு. ஓரம் முழுக்கப் பல்லும் கேஜ் (துளை அளக்கும் அளவுகோல்) கோடும் பொருந்த வேண்டும். நடுவில் நழுவினால் அடுத்த அளவுக்குப் போங்கள். மேல் ஓரம், பக்க ஓரம் இரண்டையும் அளக்கவும்.

1854இல் வந்தது 16 துளை. தாள் தொட்டாலே பிரிந்துவந்ததால் 1855இல் 14 ஆக்கினார்கள். 1857-58இல் 16 கொஞ்ச நாள் திரும்பி வந்ததால், 16 என்றாலே 1854 என்று துள்ள வேண்டாம். துளையே இல்லாமல், மேல் மூலைகளில் நட்சத்திரத்துக்குப் பதில் எழுத்து இருந்தால் அநேகமாக 1864 வகைத் தபால்தலையின் பல்லை யாரோ வெட்டியதுதான்.

நிறம் பார்க்கத் தபால்தலையைத் திருப்புங்கள். பழைய மையிலிருந்த புரூசியேட் உப்பு தாளில் நீலம் பாய்ச்சியிருக்கும், முன்பக்கம் செம்பழுப்பு. 1857 வாக்கில் மை மாறியது: வெள்ளைத் தாள், ரோஸ் சிவப்பு. ஈரமாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, வெயில் நேரே விழாத ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு பல்பின் மஞ்சளில் எல்லாமே செம்பழுப்புதான்!

படம் போட்டால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். பக்கத்தில் வகை தெரிந்த ஒரு தபால்தலையும் வையுங்கள். செல்போன் கேமரா நிறத்தை அதன் இஷ்டத்துக்கு மாற்றும்.