உம் கொட்டிய எல்லோருக்கும் நன்றி

பெங்களூர் அல்சூரில் நம் சந்தில் இருக்கும் அம்மாக்கள், அண்ணன்கள், பாட்டிமார், கடைக்காரர்கள் எல்லோருக்கும், சந்துக்கு வெளியிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆகஸ்டோடு நம் ஞாயிறு வாசிப்புக்கு 2 வருடம் ஆகிறது. 6 பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இன்று பதிவேட்டில் 41 பெயர் இருக்கிறது. நேரில் வந்து சொன்னால், "இதுக்கெல்லாம் எதுக்கும்மா நன்றி" என்று பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரம்பித்த கதை சிலருக்குத் தெரியாது. சந்து முனையில் முறுக்குக் கடை வைத்திருந்த தாத்தா காலமான மறுநாள், சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். படத்தைப் பார்த்து ஒரு குழந்தை அழுதது. தாத்தாவின் பெயரைப் படிக்க அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் அவர் கையால் முறுக்கு வாங்கித் தின்ற பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், தெருவில் மூன்றும் கலந்து பேசுகிறவர்கள். தமிழ் எழுத்து மட்டும் அவர்கள் கண்ணுக்கு வெறும் கோலமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் நன்றி வீட்டுக்கார அம்மாவுக்கு. ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தை ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 12 வரைக்கும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள், வாடகையும் வேண்டாம் என்றீர்கள். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை நீங்கள் அறியாமலே செய்தீர்கள். முதல் மாதம் நான் தப்பாகத்தான் நடத்தினேன். வரிசையாக உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு தப்பையும் திருத்தி, கடைசியில் கேள்வியும் கேட்டேன். வாரத்தில் 6 நாள் போகிற பள்ளிக்கூடம் ஏழாவது நாளும் வந்துவிட்டது போல ஆகிவிட்டது. 6 பேர் 2 பேராகக் குறைந்தார்கள்.

அந்த ஞாயிறு நீங்கள் வாசற்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். நீங்கள் தலை நிமிராமல் "ம்" என்றீர்கள். அவன் அடுத்த வரியை வாசித்தான். "ம், அப்புறம்?" என்றீர்கள். அவன் எழுந்து உங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பீன்ஸ் முடிகிற வரைக்கும் வாசித்தான். தப்புத் தப்பாகத்தான் வாசித்தான், நீங்கள் ஒன்றையும் திருத்தவில்லை. நரி கிணற்றுக்குள் விழுந்த இடத்தில் மட்டும் "ஐயோ, ஏறி வந்துச்சா இல்லையா?" என்றீர்கள். அவன் பரபரவென்று பக்கத்தைத் திருப்பித் தேடினான்.

பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார் அல்லவா? அதே வழக்கம்தான், இங்கே சொல்கிறவரும் கேட்கிறவரும் இடம் மாறியிருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து நான் கேள்வி கேட்பதை விட்டேன். ஒரு பிள்ளைக்கு உம் கொட்ட ஒரு பெரியவர் என்று தேட ஆரம்பித்தேன்.

நீங்கள் வந்தீர்கள். ஆட்டோ அண்ணா, ஞாயிறு காலை சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்தீர்கள். அந்த நேரத்து வருமானம் என்ன என்பது எனக்குத் தெரியும். ராத்திரி டூட்டி முடித்துச் சிவந்த கண்ணோடு நேராக இங்கே வந்த செக்யூரிட்டி அண்ணாவையும் மறக்க மாட்டேன். பூக்காரப் பாட்டி, "எனக்குப் படிக்கத் தெரியாதே கண்ணு" என்று முதலில் தயங்கினீர்கள். ஆனால் பிள்ளைகள் போட்டி போட்டு வந்தது உங்களிடம்தான். மற்றவர்களிடம் தடுமாறினால் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். உங்களிடம் அவர்கள் வாசித்தால்தான் கதை நகரும். அந்தப் பொறுப்பு அவர்களுக்குப் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு மேஷ்ட்ரு (வாத்தியாரைக் கன்னடத்தில் அப்படித்தானே கூப்பிடுகிறோம்), உங்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். தமிழ் பேசுவீர்கள், படிக்க மாட்டீர்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வந்ததில் உங்கள் பங்கு என்னுடையதைவிடப் பெரியது. "கன்னடம் தெரிஞ்ச பிள்ளைக்குத் தமிழ் பாதி தெரிஞ்ச மாதிரி" என்று சொல்லி, பலகையில் மேலே கன்னட எழுத்து, கீழே தமிழ் எழுத்து எழுதவைத்தீர்கள். அ, ஆ, இ, ஈ இரண்டிலும் அதே வரிசை. 247 எழுத்து என்று பயந்திருந்த பிள்ளைகள், உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மீதியெல்லாம் அவை சேர்ந்து வருவதுதான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கன்னடத்தில் க வரிசையில் நான்கு எழுத்து இருக்க, தமிழில் ஒன்றே ஒன்று. "அப்போ காந்திக்கும் காக்காவுக்கும் ஒரே கா-வா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்த ஆச்சரியத்திலேயே அவள் அந்த வாரம் முழுக்கக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு திரிந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு உங்களுக்குக் கன்னடக் கதை வாசிக்கிறார்கள். அது தொடர வேண்டும். ஒரு மொழியை ஒதுக்கித்தான் இன்னொன்றைப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கவே கூடாது.

ஜெராக்ஸ் கடை அக்கா, தாள் காசு மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். 2004-ல் இதே பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் பல மொழிக் கதைகளை இலவசமாகத் தருகிறது. எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்து, எதிரெதிர்ப் பக்கமாக வைத்துத் தைத்துக் கொடுத்தது உங்கள் யோசனை. இன்றைக்கும் அதிகம் கிழிந்து போகிற புத்தகங்கள் அவைதான். எனக்கு அதில் சந்தோஷம்.

நூலக விஷயம் சொல்ல வேண்டும். முதலில் போன ஓரிடத்தில், சின்னப் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தது இன்னும் வலிக்கிறது. அப்புறம்தான் கிளை நூலகத்து அம்மா, உங்களைக் கண்டோம். பூட்டியிருந்த கண்ணாடி பீரோவைத் திறந்து, "கையில எடுத்துப் பாருங்க" என்றீர்கள். தயங்கி நின்ற தாய்மாரிடம், "சொத்து வரியோட நூத்துக்கு 6 ரூபாய் நூலக வரி வசூலாகுது, வாடகை கொடுக்கிற நீங்களும் அதுல சேர்த்திதான், இது உங்க இடம்" என்றீர்கள். அன்றே 11 பேர் உறுப்பினர் படிவம் வாங்கினார்கள். மேசை மேலிருந்த படத்தைக் காட்டி, சீர்காழியில் பிறந்து கடைசிக் காலத்தில் நம் பெங்களூரிலேயே வாழ்ந்து 1972-ல் மறைந்த, இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றியும் சொன்னீர்கள். நூலகங்களுக்காக அவர் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது ஒன்று: ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு. யாரும் தொடாத புத்தகத்தைத் தேடி எடுப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினம் என்கிறார்கள். இந்த வருடம் அன்றைக்குப் பிள்ளைகள் உங்களுக்குப் பூவோடு வருவார்கள், லீவு போட்டுவிடாதீர்கள்.

கப்பன் பூங்காவில் சிவப்புக் கட்டடத்து மாநில மத்திய நூலகத்தைக் காட்ட மெட்ரோவில் கூட்டிப்போன அக்காக்களுக்கும், ஏரிக்கரைப் பக்கம் 1950 முதல் இயங்கும் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குத் துணை வந்த ஐயாவுக்கும் நன்றி. திரும்பும் வழியில் வள்ளுவர் சிலை 18 வருடம் மூடிக்கிடந்து 2009-ல் திறக்கப்பட்டதைச் சொன்னீர்கள் ஐயா. பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்லி, அப்பாக்களிடமிருந்து மீதிக் கதையைக் கேட்டு வந்தார்கள்.

பத்தாம் வகுப்புத் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொடிசுகளோடு உட்கார மாட்டோம் என்று வாசலிலேயே நின்றீர்கள். வற்புறுத்தியிருந்தால் போயே இருப்பீர்கள். பதிவேட்டை உங்கள் கையில் கொடுத்ததும் உள்ளே வந்தீர்கள். பழைய பேப்பர் கடை அண்ணன் எடைக்குப் போகாமல் எடுத்து வைத்த மூட்டையில் சிவகாசி காமிக்ஸும் மாத நாவலும் பைக் பத்திரிகையும் இருந்தன. சில பெற்றோர் அதெல்லாம் வேண்டாம் என்றார்கள். நான் இன்றும் சொல்கிறேன், வேண்டும். வாசிக்கிற பையன் அடுத்ததைத் தானே தேடுவான். உங்களில் ஒருவன் காமிக்ஸில் தொடங்கி, இப்போது கிளை நூலகத்தில் சரித்திரப் பகுதியில் நிற்கிறான். அண்ணன் அந்த மூட்டைக்கு இதுவரை ஒரு பைசா வாங்கவில்லை.

கடைசியாக, இஸ்திரி வண்டி அண்ணா. போன அக்டோபர் மழையில் நாம் வாசிக்கிற ஸ்கூட்டர் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்து கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போனபோது, நான் அழுதுகொண்டுதான் குப்பைப் பையில் போட்டேன். நீங்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு போனீர்கள். பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாள் வைத்து, சூடு குறைத்த பெட்டியால் அழுத்தி, 4 நாள் ராத்திரி வேலை முடிந்தபிறகு 63 புத்தகங்களைக் காயவைத்துக் கொடுத்தீர்கள். விளிம்பு அலை அலையாக இருக்கும், கரி வாசனையும் கொஞ்சம் அடிக்கும். பிள்ளைகள் அவற்றை "இஸ்திரி புக்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

அவற்றில் ஒன்று, ஆமையும் அன்னமும் அட்டையில் இருப்பது, மூன்று மாதமாக உங்கள் மகளிடம் இருக்கிறது. தேதி தாண்டிவிட்டது என்று அவள் பயப்படுவதாகக் கேள்விப்பட்டேன். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் ராத்திரி அதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாளாமே. முடிந்ததும் கொண்டுவரட்டும்.

அன்புடன்,
ஞாயிறு வாசிப்புப் பிள்ளைகளின் சார்பில்,
உங்கள் மாடி வீட்டு அக்கா